பிரிண்ட் கொடுத்தாச்சு... போனது எங்கே?

மூன்றாம் ஆண்டு மாணவன், கணிப்பொறியியல் பட்டயப் பிரிவு



"கணிப்பொறியின் வெளியீட்டுச் சாதனங்கள் யாவை?" என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வோம்: மானிட்டர், பிரிண்டர், பிளாட்டர், ஸ்பீக்கர். முதலாண்டிலேயே மனப்பாடம் பண்ணிய விடை. ஆனால் "இப்ப நீ கொடுத்த பிரிண்ட் எந்த பிரிண்டருக்குப் போச்சு?" என்று கேட்டால் நம்மில் பலர் முழிப்போம். நானும் அப்படித்தான் முழித்தேன். அதனால் என் நண்பன் ஒருவன் தலைகுனிய நேர்ந்தது.

அந்தச் சம்பவத்தைச் சொல்லி, அதற்குப் பின்னால் இருக்கும் பாடத்தை எனக்குத் தெரிந்த அளவில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பிராஜெக்ட் ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்காமல் யாரும் டிப்ளமோ வாங்கிவிட முடியாது!

ஒரு சிறு குறிப்பு: கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்கவும். "மைனஸ் டி" என்று வரும் இடமெல்லாம் டெஸ்டினேஷன் என்ற சொல்லின் முதலெழுத்தான டி என்று கொள்க.

நடந்தது என்ன?

சென்ற ஆண்டு மலர் வேலை மும்முரமாக நடந்த நேரம். எங்கள் லேப் பிரிண்டரில் டோனர் தீர்ந்துவிட்டது. மலர்க் குழுவில் புரூஃப் எடுக்கும் பொறுப்பு என்னுடையது. ஆசிரியரிடம் போய் நின்றேன். "ஆபீஸ்ல இருக்கிற பெரிய பிரிண்டர் நெட்வொர்க்லதான்ப்பா இருக்கு. சொல்லிட்டேன், புரூஃப் மட்டும் அதுல எடுத்துக்கோ. வேலை முடிஞ்சதும் எடுத்துடு" என்றார். கடைசி வாக்கியத்தை மட்டும் நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

லேபின் கடைசி வரிசையில் ஜன்னலோரம் இருக்கும் உபுண்டு சிஸ்டத்தில் ஆபீஸ் பிரிண்டரைச் சேர்த்தேன். ஒவ்வொரு தடவையும் பிரிண்டர் பெயரைக் கொடுக்கச் சோம்பல்பட்டு, அதையே டிஃபால்ட்டாகவும் வைத்தேன். நாலு நாள் சாயங்காலம் புரூஃப் எடுத்தோம். மலர் அச்சகத்துக்குப் போனது. லேபுக்கு டோனர் வந்தது. நானும் மறந்துபோனேன்.

இரண்டு வாரம் கழித்து, வேறு பிரிவில் படிக்கும் என் நண்பன் தன் லாகினில் அதே சிஸ்டத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் அப்பா உடம்பு சரியில்லாமல் வேலைக்குப் போகாமல் இருந்த காலம் அது. படிப்புச் செலவுக்கு உதவி கேட்டு ஓர் அறக்கட்டளைக்குக் கடிதம் அடித்தான். வீட்டில் எவ்வளவு கடன், எந்த நகை அடகில் இருக்கிறது, அம்மா எந்தெந்த வீட்டில் வேலை செய்கிறார் என்று அவர்கள் கேட்டிருந்த விவரம் எல்லாம் அதில் இருந்தது. லிப்ரே ஆபீஸில் மேலே இருக்கும் நேரடி பிரிண்ட் பட்டனை அமுக்கினான். அது எந்தப் பிரிண்டர் என்று கேட்காது, டிஃபால்ட்டுக்கு அனுப்பிவிடும்.

லேப் பிரிண்டர் பக்கத்தில் போய் நின்றான். ஒன்றும் வரவில்லை. மறுபடி அமுக்கினான். மூன்றாவது தடவையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, "மிஷின் அவுட்டு போல" என்று வெளியே கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை ஆபீஸ் கவுண்டரில் பஸ் பாஸுக்கு ஒரே கூட்டம். பிரிண்டர் தட்டில் மூன்று பிரதிகள் கிடந்தன. "இது யாருதுப்பா, பாருங்க" என்று யாரோ எடுத்து நீட்ட, வரிசையில் நின்ற ஒரு பையன் அதை வாங்கிச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினான். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் விஷயம் மூன்று வகுப்புகளுக்குப் பரவிவிட்டது. நான்கு நாட்கள் என் நண்பன் கல்லூரிக்கே வரவில்லை.

வந்தவுடன் என்னைத்தான் தேடி வந்தான். "எவனோ வேணும்னே என் லெட்டரை ஆபீஸுக்கு அனுப்பியிருக்கான்டா. யாருன்னு கண்டுபிடிச்சுக் குடு" என்றான். நானும் பெரிய துப்பறியும் நிபுணன் மாதிரி அந்த சிஸ்டத்தில் உட்கார்ந்து, டிஃபால்ட் இலக்கு எது என்று கேட்கும் கட்டளையை அடித்தேன். ஒரே வரியில் பதில் வந்தது. அது நான் வைத்த பெயர்.

"நான்தான்டா" என்றேன்.

ரொம்ப நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "நீ வேணும்னு பண்ணல, தெரியுது. ஆனா பிரிண்ட் அமுக்கறதுக்கு முன்னாடி அது எங்க போகும்னு பார்க்கணும்னு நமக்கு யாருமே சொல்லித் தரலியேடா" என்றான். அதற்குப் பதிலாகத்தான் இக்கட்டுரையை எழுதினேன். முதலில் அவனிடம்தான் படிக்கக் கொடுத்தேன். பெயர் மட்டும் வேண்டாம் என்று சொல்லி, போடலாம் என்றான்.

மூன்று கேள்விகள்

எந்த வெளியீட்டுக்கும் மூன்று கேள்விகள் உண்டு. என்ன போகிறது? எப்படிப் போகிறது? எங்கே போகிறது? கடிதத்தோடு ஒப்பிட்டால் முதலாவது எழுதிய விஷயம், இரண்டாவது தாளும் கவரும், மூன்றாவது விலாசம். எழுத்தின் அளவு, மார்ஜின், இரண்டு பக்கமா ஒரு பக்கமா என்று முதல் இரண்டு கேள்விகளுக்கு நாம் மணிக்கணக்கில் செலவிடுகிறோம். மூன்றாவதை கணிப்பொறியின் தலையில் போட்டுவிடுகிறோம். விலாசம் எழுதாத கவரைத் தபால்காரர் திருப்பியாவது அனுப்புவார். கணிப்பொறி திருப்பி அனுப்பாது. வேறு யாரோ முன்பே எழுதி வைத்த விலாசத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அந்த விலாசத்துக்குத்தான் டிஃபால்ட் என்று பெயர்.

ஆரம்ப காலத்தில் இந்த மூன்றாவது கேள்வி கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. 1959-ல் ஐ.பி.எம். நிறுவனம் 1401 என்ற சிறிய கணிப்பொறியை அறிவித்தது. அதோடு வந்த 1403 பிரிண்டர் நிமிடத்துக்கு 600 வரிகள் அடிக்கும். பெரிய கணிப்பொறியான 7090-ஐ பிரிண்டருக்காகக் காக்க வைத்தால் நஷ்டம் என்பதால், அதன் விடைகளைக் காந்த நாடாவில் எழுதி, அந்த நாடாவை ஓர் ஆள் 1401-க்குத் தூக்கிக்கொண்டு போய் அச்சடிப்பார். அன்றைக்கு ரூட்டிங் சாஃப்ட்வேர் அந்த ஆள்தான்!

1964-ல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். ஓ.எஸ்./360-ல், புரோகிராமை ஓட்டுவதற்கான கட்டுப்பாட்டு அட்டைகளில் "சிஸ்அவுட்" என்று எழுதி, பக்கத்தில் ஓர் எழுத்தைப் போட வேண்டும். வழக்கமாக ஏ என்றால் பிரிண்டர், பி என்றால் அட்டையில் துளையிடும் இயந்திரம். இலக்கு எது என்பதைப் புரோகிராம் எழுதியவரே தன் கையால் எழுதினார்.

பிறகு வந்தது டாஸ். அதில் பிஆர்என் என்று எழுதினால் பிரிண்டர், கான் என்றால் திரையும் கீபோர்டும், நல் என்றால் குப்பைத்தொட்டி. ஒரு ஃபைலை பிஆர்என்-க்கு காப்பி செய்தால் பேப்பரில் வந்துவிடும். பிஆர்என் என்பது எல்பிடி1 என்ற போர்ட்டின் இன்னொரு பெயர். சிஸ்டத்தின் பின்னால் குனிந்து கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால் பிரிண்டர் வந்துவிடும்.

நெட்வொர்க் வந்ததும் இந்த எளிமை போயிற்று. நாவெல் நெட்வேரில் "கேப்சர்" என்ற கட்டளையும், மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க்கில் "நெட் யூஸ்" என்ற கட்டளையும் எல்பிடி1-க்குப் போவதை வழிமறித்து, வேறு இடத்தில் இருக்கும் பிரிண்டருக்குத் திருப்பிவிட்டன. புரோகிராமோ இன்னும் எல்பிடி1-க்கே அனுப்புவதாக நினைத்துக்கொண்டிருக்கும். அன்று முதல் இலக்கின் பெயர் வேறு, இலக்கின் இடம் வேறு என்று ஆகிவிட்டது. நம் தொல்லை தொடங்கியதும் அங்கேதான்.

ஸ்பூல் என்னும் காத்திருப்பு அறை

நாம் பிரிண்ட் கொடுத்ததும் ஃபைல் நேரே பிரிண்டருக்குப் போவதில்லை. முதலில் டிஸ்க்கில் ஸ்பூல் என்ற இடத்தில் போய் வரிசையில் உட்காரும். லினக்ஸில் இந்த வேலையைப் பெரும்பாலும் பார்த்துக்கொள்வது கப்ஸ் என்ற மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் என்பவர் 1997-ல் எழுதத் தொடங்கி, 1999-ல் வெளிவந்தது. ஆப்பிள் நிறுவனம் 2002-ல் தன் மேக் ஓ.எஸ். எக்ஸ் 10.2-ல் இதைச் சேர்த்துக்கொண்டது. அதற்கு முன் யூனிக்ஸில் இரண்டு மரபுகள் இருந்தன: பெர்க்லி வழியில் எல்பிஆர் என்ற கட்டளை, சிஸ்டம் ஃபைவ் வழியில் எல்பி என்ற கட்டளை. கப்ஸ் இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது.

கப்ஸில் ஒவ்வொரு பிரிண்டரும் ஓர் "இலக்கு". அதற்கு ஒரு பெயரும், உண்மையான ஒரு முகவரியும் இருக்கும். முகவரி யு.எஸ்.பி.யாக இருக்கலாம், நெட்வொர்க்காகவும் இருக்கலாம். நெட்வொர்க்கில் ஐ.பி.பி. முறை என்றால் 631-ஆம் போர்ட், பழைய எல்.பி.டி. முறை என்றால் 515, பிரிண்டருக்கு நேரடியாக அனுப்பும் முறை என்றால் பெரும்பாலும் 9100. வைவாவில் கேட்டால் சொல்லலாம்!

ஒவ்வொரு இலக்குக்கும் இரண்டு கதவுகள் உண்டு. இதைப் புரிந்துகொண்டால் "பிரிண்ட் வரல சார்" என்ற புகாரில் பாதி தீர்ந்துவிடும். கேன்டீனை நினைத்துக்கொள்ளுங்கள். டோக்கன் கொடுக்கும் கவுண்டர் ஒன்று, தோசை கொடுக்கும் கவுண்டர் இன்னொன்று. டோக்கன் கவுண்டரை மூடிவிட்டால் புதிதாக யாரும் வரிசையில் சேர முடியாது. ஏற்கெனவே டோக்கன் வாங்கியவர்களுக்குத் தோசை வரும். கப்ஸில் இது "ரிஜெக்ட்". தோசைக் கவுண்டரை மூடிவிட்டால் டோக்கன் மட்டும் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்; கூட்டம் சேரும்; மறுபடி திறந்ததும் எல்லாருக்கும் மொத்தமாகத் தோசை வரும். இது "டிஸேபிள்".

பேப்பர் சிக்கி ஒரு பிரிண்டர் டிஸேபிள் ஆகியிருக்கும்போது நாம் வரவில்லையே என்று ஐந்து தடவை அமுக்குவோம். மறுநாள் யாராவது அதைச் சரிசெய்ததும் ஐந்து பிரதியும் வரிசையாக வெளியே வரும். நாம் அப்போது அங்கே இருக்கமாட்டோம். எனவே, வரவில்லை என்றால் மறுபடி அமுக்கக்கூடாது. வரிசையைப் பார்க்க வேண்டும். எல்பி கட்டளையில் பிரிண்ட் கொடுத்தால், "லேப்-57" என்பது மாதிரி ஓர் எண் திரையில் வரும். அதுதான் உங்கள் டோக்கன். அதில் பிரிண்டரின் பெயரே இருப்பதைக் கவனியுங்கள். என் நண்பன் முதல் தடவையே அதைப் பார்த்திருந்தால் பிரிண்ட் ஆபீஸுக்குப் போவது தெரிந்திருக்கும். ஆனால் அவன் அமுக்கிய பட்டன் அந்த எண்ணைக் காட்டாது.

எல்பிஸ்டாட் மைனஸ் ஓ என்று அடித்தால் வரிசையில் என்னென்ன காத்திருக்கிறது என்று காட்டும். கேன்சல் என்று அடித்து டோக்கன் எண்ணைக் கொடுத்தால் ரத்தாகும். எல்பிமூவ் என்ற கட்டளை, காத்திருக்கும் வேலையை ஒரு பிரிண்டரிலிருந்து இன்னொரு பிரிண்டரின் வரிசைக்கு மாற்றும். பொதுவாக அதற்கு நிர்வாகியின் அனுமதி வேண்டும். பேப்பரில் அச்சாகும் வரைதான் இவையெல்லாம் கைகொடுக்கும்.

தூரத்தில் இருக்கும் பிரிண்டரில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் தவிப்பது நமக்கு மட்டும் வந்த கஷ்டம் அல்ல. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பிரிண்டர் வேறு மாடியில் இருந்ததாம். ரிச்சர்ட் ஸ்டால்மன் அதன் புரோகிராமைத் திருத்தி, பேப்பர் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரையில் செய்தி வரும்படி செய்திருந்தார். 1980 வாக்கில் வந்த ஜெராக்ஸ் லேசர் பிரிண்டருக்கு அப்படிச் செய்ய மூல நிரல் கிடைக்கவில்லை. அந்தக் கோபம்தான் பின்னாளில் அவர் 1983-ல் க்னூ திட்டத்தை அறிவித்ததற்கு ஒரு காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். நாம் லேபில் பயன்படுத்தும் லினக்ஸ் சிஸ்டத்துக்குப் பின்னாலும் ஒரு பிரிண்டர் கதை இருக்கிறது பாருங்கள்!

டிஃபால்ட்டைத் தீர்மானிப்பது யார்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். பிரிண்டர் பெயர் சொல்லாமல் எல்பி என்று மட்டும் அடித்தால் கப்ஸ் எந்த ஒழுங்கில் இலக்கைத் தேடும்?

1. எல்பிடெஸ்ட் என்ற சூழல் மாறியில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும்.

2. இல்லையென்றால் பிரிண்டர் என்ற சூழல் மாறியைப் பார்க்கும்.

3. அதுவும் இல்லையென்றால், அந்தப் பயனாளர் தனக்கென்று எல்பிஆப்ஷன்ஸ் கட்டளையால் வைத்துக்கொண்ட டிஃபால்ட்டைப் பார்க்கும். அது அவருடைய சொந்த ஃபோல்டரில் இருக்கும்.

4. அங்கேயும் இல்லையென்றால், அந்த சிஸ்டத்தில் எல்லாருக்கும் பொதுவாக வைக்கப்பட்ட எல்பிஆப்ஷன்ஸ் ஃபைலைப் பார்க்கும்.

5. கடைசியாக, நிர்வாகி எல்பிஅட்மின் கட்டளையால் சர்வரில் வைத்த டிஃபால்ட்.

எல்பி மைனஸ் டி என்று அடித்து நாமே பெயரைச் சொல்லிவிட்டால் இந்த ஐந்தும் தேவையில்லை. நம் வார்த்தைதான் முதல் வார்த்தை.

இனி என் தவறு உங்களுக்கே புரியும். எல்பிஆப்ஷன்ஸ் மைனஸ் டி என்று சாதாரணமாக அடித்திருந்தால் அது என் லாகினுக்கு மட்டும், அதாவது மூன்றாவது படியில், நின்றிருக்கும். நான் பழக்க தோஷத்தில் முன்னால் சூடோ சேர்த்து அடித்தேன். ரூட் அதிகாரத்தோடு அடித்தால் அதே கட்டளை நான்காவது படியில் போய் எழுதும். எனக்கு வைத்துக்கொள்வதாக நினைத்து, அந்த சிஸ்டத்தில் உட்காரும் அத்தனை பேருக்கும் வைத்துவிட்டேன். என் நண்பன் தனக்கென்று எதுவும் வைத்திருக்கவில்லை. ஆகவே மூன்று படிகள் தாண்டி என் படியில் வந்து விழுந்தான்.

கட்டளை ஒன்றே, யார் அதிகாரத்தில் அடிக்கிறோம் என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது. சூடோ போட்டும் ஒரு கட்டளை வேலை செய்கிறதே என்பதற்காக, சூடோ அதற்குத் தேவை என்று அர்த்தமில்லை. நம்மில் பலருக்கு எதற்கெடுத்தாலும் சூடோ போடும் வழக்கம் இருக்கிறது. இன்றோடு விட்டுவிடுவோம்.

கப்ஸில் "கிளாஸ்" என்றும் ஒன்று உண்டு. நாலு பிரிண்டர்களைச் சேர்த்து ஒரே பெயர் வைத்தால், எது ஓய்வாக இருக்கிறதோ அதற்கு வேலை போகும். அவசரத்துக்கு நல்லது. ஆனால் நான்கும் ஒரே அறையில் இருந்தால்தான் நல்லது. இல்லாவிட்டால் பேப்பரைத் தேடி மாடி மாடியாக ஏற வேண்டியதுதான்!

ஃபைலுக்கு அனுப்பும்போது

இலக்கு என்றால் பிரிண்டர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஃபைலும் ஓர் இலக்கே. யூனிக்ஸில் ஒரு புரோகிராமின் விடை சாதாரணமாகத் திரைக்குப் போகும். > என்ற குறியைப் போட்டால் ஃபைலுக்குப் போகும். >> என்று இரண்டு போட்டால் ஃபைலின் கடைசியில் சேரும். | என்ற பைப் குறியைப் போட்டால் அடுத்த புரோகிராமுக்குப் போகும். இந்தப் பைப் வசதி டக் மெக்கில்ராயின் யோசனை. 1973-ல் கென் தாம்ப்சன் யூனிக்ஸில் சேர்த்தார். டீ என்ற கட்டளை திரைக்கும் ஃபைலுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும். நம் டீக்கடை டீ அல்ல, ஆங்கில டி எழுத்தின் வடிவத்தில் பிளம்பர்கள் போடும் குழாய் இணைப்பு!

இங்கேயும் ஆபத்து உண்டு. மார்க் பட்டியல் ஒன்றை வரிசைப்படுத்தி அதே பெயரில் சேமிக்கலாம் என்று, சார்ட் கட்டளைக்கு உள்ளீடாகவும் > குறிக்குப் பின்னாலும் ஒரே ஃபைல் பெயரைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஃபைல் காலியாகிவிடும். ஏனென்றால் ஷெல் முதலில் இலக்கு ஃபைலைத் திறந்து வெறுமையாக்கிவிட்டு, பிறகுதான் சார்ட்டை ஓடவிடும். படிக்க அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது. விடையை வேறு பெயரில் எழுதி, சரிபார்த்த பின் பெயர் மாற்றுவதே முறை.

பிரிண்ட் எடுப்பதற்கு முன் பி.டி.எஃப். ஆக எடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். 2015-ல் வந்த விண்டோஸ் 10 முதல் அதற்கென ஒரு பிரிண்டர் உள்ளேயே வருகிறது. லிப்ரே ஆபீஸில் தனிப் பட்டனே உண்டு. பக்கம் உடைகிறதா, படம் நகர்கிறதா, தமிழ் எழுத்து கட்டங்கட்டமாக வருகிறதா என்று தாள் வீணாகாமல் பார்த்துவிடலாம். ஆனால் அந்தப் பி.டி.எஃப். லேபின் பொது ஃபோல்டரில் போய் உட்கார்ந்தால், ஆபீஸ் தட்டில் கிடந்த கடிதத்துக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. சேமிக்கும் இடத்தைப் பார்த்துச் சேமியுங்கள்.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. கப்ஸின் வழக்கமான அமைப்பில், அச்சான பிறகும் அந்த ஃபைலின் நகல் ஸ்பூலில் 86,400 வினாடிகள், அதாவது ஒரு நாள் முழுக்க இருக்கும். சாதாரணப் பயனாளர் அதைத் திறக்க முடியாது, நிர்வாகி முடியும். பிரிண்டரிலிருந்து பேப்பரை எடுத்துவிட்டோம், விஷயம் நம் கையோடு என்று நினைக்கக்கூடாது.

நம்மைக் கேட்காமல் மாறும் இலக்குகள்

டிஃபால்ட்டை மாற்றுவது என்னைப் போன்ற சோம்பேறிகள் மட்டுமல்ல. விண்டோஸ் 10-ல் 2015 நவம்பரில் வந்த பதிப்பு முதல், டிஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஓர் அமைப்பு உண்டு. அது இயங்கினால், அந்த இடத்தில் நாம் கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரே டிஃபால்ட்டாகிவிடும். நேற்று ஒரு தடவை கலர் பிரிண்டருக்கு அனுப்பினால் இன்றைக்கு 60 பக்க ரிப்போர்ட்டும் அங்கேயே போகலாம். பொது லேபில் இதை அணைத்து வைப்பது நல்லது.

2024 செப்டம்பரில் இன்னும் பெரிய விஷயம் வெளியே வந்தது. நெட்வொர்க்கில் இருக்கும் பிரிண்டர்களைத் தானாகத் தேடிச் சேர்க்கும் கப்ஸ்-பிரவுஸ்டு என்ற துணைப் புரோகிராம், 631-ஆம் போர்ட்டுக்கு யார் அனுப்பினாலும் நம்பிவிடுகிறது என்று சிமோன் மார்கரிட்டெல்லி என்ற பாதுகாப்பு ஆய்வாளர் வெளியிட்டார். வெளியாள் ஒருவர் பொய்யான பிரிண்டரைச் சேர்க்க வைத்து, யாராவது அதற்கு பிரிண்ட் கொடுத்தால் தன் கட்டளையை அந்த சிஸ்டத்தில் ஓட்ட முடியும் என்று காட்டினார். உடனே திருத்தங்கள் வந்துவிட்டன. நமக்கான பாடம்: பட்டியலில் தெரியாத பிரிண்டர் பெயர் இருந்தால் அமுக்கிப் பார்க்காதீர்கள், லேப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

கடைப்பிடிக்க வேண்டியவை

நண்பர்களே, இதுவரை சொன்னதை ஆறு பழக்கங்களாகச் சுருக்கித் தருகிறேன்.

1. புது சிஸ்டத்தில் உட்கார்ந்ததும் எல்பிஸ்டாட் மைனஸ் டி அடித்து டிஃபால்ட் எது என்று பாருங்கள். அரை நிமிட வேலை.

2. சொந்த விஷயம் உள்ள எதையும் நேரடி பிரிண்ட் பட்டனால் அனுப்பாதீர்கள். பிரிண்டர் பெயர் காட்டும் பெட்டியைத் திறந்து, பெயரைப் படித்துவிட்டு அமுக்குங்கள்.

3. பேப்பர் வரவில்லையென்றால் மறுபடி அமுக்காதீர்கள். வரிசையைப் பாருங்கள். தவறான இடத்தில் நின்றால் உடனே கேன்சல் செய்யுங்கள். அச்சாகிவிட்டிருந்தால் வெட்கப்படாமல் அந்த அறைக்கே ஓடிப்போய் எடுத்துவிடுங்கள்.

4. பிரிண்டர் தூரத்தில் இருந்தால் எல்பி கட்டளையில் மைனஸ் போட்டு, பெரிய எழுத்து எச் அடித்து, ஹோல்டு என்று சேருங்கள். வேலை வரிசையில் நிறுத்தி வைக்கப்படும். பிரிண்டர் பக்கத்தில் ஒரு நண்பனை நிறுத்திவிட்டு, டோக்கன் எண்ணோடு ரெஸ்யூம் என்று சொன்னால் அப்போது அச்சாகும்.

5. தற்காலிகத் தேவைக்கு டிஃபால்ட்டை மாற்றாதீர்கள். அந்த ஒரு தடவைக்கு மைனஸ் டி போதும். மாற்றியே ஆக வேண்டுமானால் சூடோ இல்லாமல் மாற்றுங்கள். சேர்த்த பிரிண்டரை வேலை முடிந்ததும் நீக்குங்கள்.

6. தட்டில் வேறு ஒருவருடைய தாள் கிடந்தால் படிக்காமல் கவிழ்த்து வையுங்கள். இதற்குக் கட்டளை கிடையாது. மனசு இருந்தால் போதும்.

முடிவுரை

நடந்ததை ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டேன். திட்டவில்லை. "சரி, இப்ப சரிபண்ணு" என்றார். லேப் சிஸ்டங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஆபீஸ் பிரிண்டரை அந்த சிஸ்டத்திலிருந்து நீக்கினோம். எல்பிஅட்மின் கட்டளையில் யார் யாருக்கு அனுமதி என்று குறிப்பிடும் வசதி இருப்பதை அன்றுதான் கற்றேன். அதை முன்பே செய்திருந்தால் அந்தக் கடிதம் வாசலிலேயே நின்றிருக்கும். ஒவ்வொரு மானிட்டரின் கீழும் டிஃபால்ட் பிரிண்டரின் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறோம். லேபுக்கு வந்தால் பார்க்கலாம்.

என் நண்பனுக்கு அறக்கட்டளை உதவி கிடைத்தது. எங்களோடு இறுதியாண்டில் இருக்கிறான். அன்று சத்தமாகப் படித்த பையனும் ஒருநாள் அவனிடம் வந்து பேசினான் என்று கேள்விப்பட்டேன். ஆனாலும் ஆபீஸ் கவுண்டர் வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டுதான் அவன் இன்னும் வகுப்புக்குப் போகிறான். அதைச் சரிபண்ண எந்த மேனுவலிலும் வழி இல்லை.

இந்த ஆண்டு மலருக்கும் புரூஃப் எடுத்தது நான்தான். ஒவ்வொரு தடவையும் மைனஸ் டி போட்டு, பிரிண்டர் பெயரை முழுதாக அடித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பிழை திருத்தியவன் அந்த நண்பன். நடுவில் ஒருமுறை, "எங்கடா அனுப்பின?" என்று கேட்டான். பெயரைப் படித்துக் காட்டினேன். அதன் பிறகே அமுக்கினேன்.

நீங்களும் படித்துவிட்டு அமுக்குங்கள் நண்பர்களே.